பதினாறு பல் விருந்தாளி

உங்கள் வீட்டுப் பாப்பாவுக்கு இரண்டு வயது நிறையப்போகிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு அத்தை, மாமா, சித்தி, எதிர்வீட்டுப் பிள்ளைகள் என்று கூட்டம் கூடிவிடும். பெரியவர்கள் இப்போதே பலகாரப் பட்டியல் போட்டுவிட்டார்கள்: கிரீம் கேக், சமோசா, முறுக்கு, சிப்ஸ், மிக்சர். அந்தப் பட்டியலை ஒரு தரம் மெதுவாகப் படித்துப் பாருங்கள். பிறந்தநாள் யாருக்கோ அந்த ஆள் நிம்மதியாகச் சாப்பிடக்கூடிய பண்டம் அதில் ஒன்றுகூட இல்லை.

வீட்டில் சமைப்பதன் பெரிய வசதியே இதுதான். சாப்பிடப் போகிறவரின் உடம்பைப் பார்த்துச் சமைக்கலாம். கடைக்காரருக்கு உங்கள் பாப்பாவுக்கு எத்தனை பல் என்று தெரியாது. உங்களுக்குத் தெரியும், அல்லது இன்றைக்கே எண்ணிப் பார்த்துவிடலாம். அதனால் அடுப்பைப் பற்றவைக்கும் முன்னால் விருந்தாளியை "ஆ" காட்டச் சொல்லுங்கள்.

பால்பற்கள் மொத்தம் 20. இரண்டாவது பிறந்தநாள் வரும்போது பெரும்பாலான குழந்தைகளுக்கு 16 பல் முளைத்திருக்கும். முன்பக்கம் வெட்டும் பற்கள் எட்டு, பக்கத்துக்கு ஒன்றாகக் கோரைப்பற்கள் மேலும் கீழுமாக நான்கு, பின்னால் கடைவாய்ப்பற்கள் நான்கு. மீதி நான்கு கடைவாய்ப்பற்கள் 23 மாதத்திலிருந்து 33 மாதத்துக்குள் மெல்ல மெல்ல எட்டிப் பார்க்கும். ஒன்றிரண்டு முன்னே பின்னே இருந்தால் கவலை வேண்டாம், அது குழந்தைக்குக் குழந்தை மாறும். இந்தக் கணக்கு ஏன் முக்கியம் தெரியுமா? வெட்டும் பற்கள் எட்டும் முழுதாக வந்துவிட்டன, அரைக்கும் பற்களோ பாதிதான் வந்திருக்கின்றன. ஒரு வேர்க்கடலையைக் கொடுத்தால் பாப்பா முன்பல்லால் அதை 'டக்'கென்று இரண்டாக உடைத்துவிடும். ஆனால் மாவாக அரைக்க முடியாது. உடைந்த பாதி அப்படியே பின்னால் போகும்.

பின்னால் என்ன இருக்கிறது? தொண்டைவரைக்கும் சாப்பாட்டுக்கும் காற்றுக்கும் ஒரே பாதைதான். அதற்குக் கீழே அது இரண்டாகப் பிரிகிறது. முன்னால் இருப்பது மூச்சுக்குழாய், பின்னால் இருப்பது உணவுக்குழாய். நாம் விழுங்கும் ஒவ்வொரு முறையும் குரல்வளை மூடி என்ற சிறு மடல் மூச்சுக்குழாயின் வாயை மறைத்துக்கொள்கிறது. வாய் நிறைய வைத்துக்கொண்டு சிரித்தாலோ, ஓடினாலோ, அழுதாலோ நாம் சட்டென்று காற்றை உள்ளே இழுக்கிறோம். அந்த நேரம் மூடி திறந்திருக்கும். உங்களுக்குப் புரை ஏறுவது இப்படித்தான். பாப்பாவுக்கு ஆபத்து இன்னும் கூடுதல், ஏனென்றால் அந்தக் குழாய் மிகக் குறுகலானது. எவ்வளவு குறுகல் என்று பார்க்க வேண்டுமா? பாப்பாவின் சுண்டுவிரலைப் பாருங்கள். ஒரு குழந்தையின் மூச்சுக்குழாய் எவ்வளவு அகலம் இருக்கும் என்று உத்தேசமாகச் சொல்ல, மருத்துவர்கள் அந்தக் குழந்தையின் சுண்டுவிரல் பருமனைப் பார்ப்பது உண்டு.

இப்போது ஒரு பச்சைத் திராட்சையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். உருண்டை, வழவழப்பு, அமுக்கினால் கொஞ்சம் நெளிந்துகொடுக்கும். இந்த மூன்று குணமும் சேர்ந்தால் அது பாட்டிலில் இறுகிய தக்கை போலக் குழாயை அடைத்துவிடும், இடுக்கில்கூடக் காற்று போகாது. அதனால் திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கித்தான் கொடுக்க வேண்டும். குறுக்கே வெட்டினால் இரண்டு குட்டி உருண்டைகள்தான் கிடைக்கும், அது போதாது. வேர்க்கடலை, பட்டாணி, பொட்டுக்கடலை, பாப்கார்ன், கடினமான மிட்டாய், முறுக்குத் துண்டு, பச்சைக் கேரட் துண்டு எல்லாம் பாப்பாவின் தட்டில் வேண்டாம். மிக்சர் கிண்ணம் அதன் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். கொண்டைக்கடலைச் சுண்டல் செய்தால் பாப்பாவின் பங்கைத் தோல் நீக்கி நன்றாக மசித்துவிடுங்கள்.

சாப்பாட்டோடு சேராத ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உடைந்த பலூன் துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள். மெல்லிய ரப்பர் தொண்டையில் ஒட்டிக்கொண்டால் இருமித் துப்புவது மிகக் கடினம். யாருக்காவது புரை ஏறி அவர்கள் பலமாக இருமிக்கொண்டிருந்தால், நன்றாக இரும விடுங்கள். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவக் கூடாது, அது பொருளை இன்னும் உள்ளே தள்ளிவிடும். இருமல் நின்று சத்தமே வராமல் போனால் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் பெரியவர்களைக் கத்திக் கூப்பிட வேண்டும்.

ஆக நமக்கு வேண்டியது மெத்தென்ற உணவு. ஈறால் நசுக்கினாலே கரைய வேண்டும். தமிழ்நாட்டுச் சமையலறையில் அதற்கு யோசிக்கவே வேண்டாம், இட்லி இருக்கிறது. ஆனால் இட்லி ஏன் மெத்தென்று இருக்கிறது என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா?

அதன் மென்மை முழுவதும் காற்றுக் குமிழிகளால் வருவது. அரிசி நான்கு பங்கு, உளுந்து ஒரு பங்கு என்று ஊறவைத்து அரைத்து, உப்புப் போட்டுக் கையால் கலந்து ராத்திரி மூடி வைக்கிறோம். உளுந்தோடும் அரிசியோடும் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டு வந்த பாக்டீரியாக்கள் அந்த இருட்டில் வேலையைத் தொடங்குகின்றன. முதலில் மும்முரமாகப் பெருகுவது லியூகோநாஸ்டாக் மெசென்டராய்டஸ் என்ற வகை. மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று அது இரண்டு பொருள்களை வெளியே விடுகிறது. ஒன்று லாக்டிக் அமிலம், அதுதான் புளிப்பு. இன்னொன்று கார்பன்-டை-ஆக்சைடு வாயு, அதுதான் பொங்கல். காலையில் பாத்திரத்தின் மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு வழிவதற்கு அதுவே காரணம்.

வாயுவை உண்டாக்கினால் மட்டும் போதாது, அதைப் பிடித்து வைக்கவும் வேண்டும். உளுந்துக்கு வழவழப்பு இருக்கிறது அல்லவா? அதன் புரதமும், அரபினோகாலக்டன் என்ற பிசுபிசுப்பான மாவுப்பொருளும் சேர்ந்து குமிழிகளைச் சுற்றி ஒரு மெல்லிய படலம் கட்டுகின்றன. குமிழி உடையாமல் உள்ளேயே நிற்கிறது. நம்பாவிட்டால் சோதித்துப் பாருங்கள். ஒரே மாதிரி இரண்டு கண்ணாடி டம்ளர் எடுத்து, ஒன்றில் வெறும் அரிசி மாவை அரை டம்ளர் ஊற்றுங்கள். மற்றதில் உளுந்து சேர்த்த மாவை அதே அளவு ஊற்றுங்கள். மாவின் மட்டத்தில் ஆளுக்கொரு ரப்பர் பேண்டு மாட்டிவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் இரண்டும் ரப்பர் பேண்டைவிட எவ்வளவு மேலே வந்திருக்கின்றன என்று ஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் எழுதுங்கள்.

அடுத்தது வேகவைப்பது. இட்லிப் பானையில் தண்ணீர் கீழே கொதிக்கிறது, மாவு அதைத் தொடுவதே இல்லை, ஆனாலும் பத்து நிமிஷத்தில் வெந்துவிடுகிறது. எப்படி? ஒரு கிராம் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரி செல்சியஸ்வரை சூடாக்க 100 கலோரி வெப்பம் போதும். அதே ஒரு கிராமை ஆவியாக்க மேற்கொண்டு சுமார் 540 கலோரி வேண்டும். இப்படி வெப்பநிலை ஏறாமலேயே உள்ளே ஒளிந்துகொள்ளும் வெப்பத்தை 1760களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் அளந்து காட்டியவர் ஜோசப் பிளாக். அதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். ஆவி மாவின்மேல் பட்டு மறுபடி தண்ணீராகும்போது அந்த 540 கலோரியையும் மாவுக்குக் கொடுத்துவிடுகிறது. அதே காரணத்தால்தான் கொதிநீர் பட்ட புண்ணைவிட ஆவி பட்ட புண் மோசமாக இருக்கும். இட்லிப் பானையின் மூடியைத் திறப்பது பெரியவர்களின் வேலை. நீங்கள் இரண்டடி தள்ளி நில்லுங்கள், பாப்பா சமையலறைப் பக்கமே வேண்டாம்.

பாப்பாவின் கைக்குக் குட்டி இட்லித் தட்டுதான் சரி. சின்ன இட்லி பெரிய இட்லியைவிடச் சீக்கிரம் வெந்துவிடும், ஏனென்றால் வெப்பம் நடுப்பகுதிவரை போகவேண்டிய தூரம் குறைவு.

குட்டி இட்லிக்கு நிறம் கொடுத்தால் விருந்து களைகட்டிவிடும். கடைக் கலர்ப்பொடி எதற்கு? காய்கறிக்கூடையிலேயே நிறமிகள் இருக்கின்றன. ஆனால் எந்த நிறமி எந்த மாவில் நிற்கும் என்று தெரியாமல் போட்டால் ஏமாந்துபோவோம். எனக்கு இந்த விருந்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு குணம் இருக்கிறது.

பீட்ரூட்டை வேகவைத்து அரைத்து, ஒரு கரண்டி மாவுக்கு ஒரு தேக்கரண்டி என்று கலந்தால் நல்ல ரோஜா நிறம் வரும். அதன் நிறமி பீட்டானின். நிறைய வெப்பம் அதற்கு ஆகாது, நேரம் போகப்போக மங்கிவிடும். ஆனால் லேசான புளிப்பு இருந்தால் தாக்குப்பிடிக்கும். நம் இட்லி மாவு ஏற்கெனவே புளித்துத்தான் இருக்கிறது, குட்டி இட்லியோ ஐந்தாறு நிமிஷத்தில் வெந்துவிடுகிறது. அதனால் நிறம் பிழைத்துக்கொள்ளும்.

கீரை நேர் எதிர். கீரையின் பச்சையத்தில் ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் ஒரு மெக்னீசியம் அணு உட்கார்ந்திருக்கிறது. புளிப்பும் சூடும் சேர்ந்து தாக்கினால் அந்த மெக்னீசியம் கழன்றுவிடுகிறது. உடனே பளிச்சென்ற பச்சை மாறிப் பழுப்புக் கலந்த மங்கல் பச்சை ஆகிவிடும். எனவே பசலைக்கீரையை இட்லி மாவில் கலந்தால் பீட்ரூட்டைக் காப்பாற்றிய அதே புளிப்பு கீரையின் நிறத்தைக் கெடுத்துவிடும். பச்சை வேண்டுமானால் புளிப்பே இல்லாத சப்பாத்தி மாவில் கீரை விழுதைச் சேர்த்துப் பிசைந்து, சின்னச் சின்னதாக மெத்தென்று சுட்டுக் கொடுங்கள். "கீரையை மூடி போடாமல் வேகவை" என்று பாட்டி சொல்வதற்கும் இதுதான் காரணம். கீரையிலேயே கொஞ்சம் அமிலம் இருக்கிறது. பாத்திரம் திறந்திருந்தால் அதில் ஒரு பகுதி ஆவியோடு வெளியே போய்விடும்.

கேரட்டின் பீட்டா கரோட்டின் சூட்டுக்கும் புளிப்புக்கும் எளிதில் அசையாது. அது கொழுப்பில் கரையும், தண்ணீரில் கரையாது. துருவிய கேரட்டை ஒரு சொட்டு நெய்யில் வதக்கிப் பாருங்கள், நெய்யே ஆரஞ்சு நிறமாகிவிடும். உடம்புக்குள் போனபிறகும் இதே கதைதான். கூடவே கொஞ்சம் கொழுப்பு இருந்தால்தான் குடல் கரோட்டினை நன்றாக உறிஞ்சி வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்ள முடியும்.

மஞ்சள் நிறத்துக்கு மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை போதும். ஆனால் சமையல் சோடா போட்ட மாவில் மட்டும் மஞ்சள்தூளைச் சேர்க்காதீர்கள். ஏன் என்று தெரிய, ஒரு வெள்ளைத் தாளில் மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்துத் தடவிக் காயவிடுங்கள். சோடாவைத் தண்ணீரில் கரைத்து அதன்மேல் விரலால் ஒரு கோடு போடுங்கள். கோடு செங்கல் நிறத்தில் தெரியும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு விட்டால் திரும்பவும் மஞ்சளாகிவிடும். சோடா காரம், எலுமிச்சை அமிலம். மஞ்சளில் உள்ள குர்குமின் எது எது என்று நிறத்தால் சொல்லிவிடுகிறது. உங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு இன்னொரு வேடிக்கையும் வைக்கலாம். நீலச் சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்தால் தண்ணீர் நீலமாகும், எலுமிச்சை பிழிந்ததும் ஊதாவாக மாறும். வந்த பிள்ளைகள் ஆளுக்கொரு டம்ளர் கேட்பார்கள்.

கேக் வேண்டாமா? வேண்டும், வெட்டிக் கைதட்டாமல் எப்படி! ஆனால் சர்க்கரை மலையாக அல்ல. சர்க்கரையும் உப்பும் மிகுந்த உணவுகள் இரண்டு வயது நிறையாத குழந்தைகளுக்கு வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. இன்றோடு இரண்டு நிறைகிறது என்பதற்காக இன்று மாலையே கிரீமும் சர்க்கரையும் தொடங்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை. பாப்பாவின் நாக்குக்கு இனிப்பைப் பிறவியிலேயே பிடிக்கும். தாய்ப்பாலே இனிப்புத்தானே. அதனால் லேசான தித்திப்பே அதற்கு நிறைவாக இருக்கும்.

அந்தத் தித்திப்பை வாழைப்பழத்திடம் வாங்குவோம். பச்சை வாழைக்காயில் சதையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது. பழுக்கப் பழுக்க எத்திலீன் என்ற வாயுவைப் பழமே உண்டாக்கிக்கொள்கிறது. அதன் தூண்டுதலால் நொதிகள் மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்குகின்றன. தோலில் கரும்புள்ளி விழுந்த பழத்தில் மாவுச்சத்து ஒன்றிரண்டு சதவீதம்தான் மிஞ்சும். காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தை வாழைக்காய்த் துண்டின்மேல் ஒரு சொட்டு விட்டால் கருநீலமாகும், கனிந்த பழத்தில் அவ்வளவாக மாறாது. பார்த்து முடித்ததும் அந்தத் துண்டுகளைக் குப்பையில் போட்டுவிடுங்கள், அவற்றை யாரும் தின்னக் கூடாது.

கேக்குக்கு ஒரு கப் கேழ்வரகு மாவு, ஒரு கப் கோதுமை மாவு, நன்றாகக் கனிந்த பழம் மூன்று, கொட்டை எடுத்து ஊறவைத்து அரைத்த பேரீச்சம்பழம் பத்துப் பன்னிரண்டு, புளித்த தயிர் அரைக் கப், கால் கப் நெய் அல்லது எண்ணெய், அரைத் தேக்கரண்டி சமையல் சோடா. கெட்டியாக இருந்தால் பால் விட்டுத் தளர்த்திக்கொள்ளலாம். கேழ்வரகு எதற்கு என்றால், 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, பல் முளைத்துக்கொண்டிருக்கும் ஆளுக்கு நல்லதுதானே. ஆனால் கேழ்வரகில் குளூட்டன் கிடையாது. கோதுமை மாவைப் பிசைந்தால் இழுவை வருகிறதே, அதைத் தருகிற புரதம்தான் குளூட்டன். வாயுக் குமிழிகளைப் பிடித்து வைப்பதும் அதுதான். இட்லியில் உளுந்து செய்த வேலையைக் கேக்கில் கோதுமை செய்கிறது. வெறும் கேழ்வரகில் செய்தால் கேக் உதிர்ந்துபோகும்.

வாயு எங்கிருந்து வரும்? ராத்திரி முழுக்கக் காத்திருக்க நேரமில்லை, அதனால் பாக்டீரியாவை விட்டுவிட்டு வேதியியலைக் கூப்பிடுவோம். சமையல் சோடா என்பது சோடியம் பைகார்பனேட். தயிரின் லாக்டிக் அமிலத்தைத் தொட்டவுடனே கார்பன்-டை-ஆக்சைடு பொங்கும். ஒரு கிண்ணம் தயிரில் ஒரு சிட்டிகை சோடா போட்டுக் காதருகே வைத்துக் கேளுங்கள், சின்னதாக 'ஸ்ஸ்' என்று சத்தம் வரும். மாவில் கலந்த நொடியிலிருந்து வாயு வெளியேறத் தொடங்கிவிடும் என்பதால், தண்ணீர் கொதித்துத் தயாராக இருக்கும்போதுதான் சோடாவைச் சேர்க்க வேண்டும். கலந்ததும் உடனே ஆவியில் ஏற்றிவிட வேண்டும். நிறையப் போட்டால் நன்றாக உப்பும் என்று நினைத்து அள்ளிப் போட்டுவிடாதீர்கள். அமிலம் கிடைக்காமல் மிஞ்சிய சோடா சூட்டில் சோடியம் கார்பனேட்டாக மாறும், கேக்கில் சோப்பு ருசி அடிக்கும்.

முட்டையில்லாமல் கேக் உப்புமா என்று சிலர் கேட்பார்கள். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் ஆல்ஃபிரட் பேர்டு என்ற மருந்தாளர் இருந்தார். அவர் மனைவிக்கு முட்டையும் ஈஸ்ட்டும் ஒத்துக்கொள்ளாது. அவருக்காக 1837இல் முட்டை இல்லாத கஸ்டர்டு பொடியையும், 1843இல் ஈஸ்ட் இல்லாமலே ரொட்டியை உப்ப வைக்கும் பேக்கிங் பவுடரையும் அவர் உண்டாக்கினார். சோடாவும் உலர்ந்த அமிலமும் ஒரே பொடியில் கலந்திருப்பதுதான் பேக்கிங் பவுடர். வீட்டில் ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாததை விலக்கி அவருக்கென்றே சமைத்ததில் பிறந்த கண்டுபிடிப்பு அது. உங்கள் விருந்துக்கு வருகிற பிள்ளைகளுக்கும் பால், முட்டை, வேர்க்கடலை எதுவும் ஒவ்வாமல் போகுமா என்று அவர்களின் அம்மாக்களிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

இட்லிப் பானையில் முப்பது நாற்பது நிமிஷம் வேகட்டும். நடுவில் ஈர்க்குச்சி குத்தி எடுத்தால் மாவு ஒட்டாமல் வர வேண்டும். இந்தக் கேக்கின் மேல்பக்கம் அடுமனைக் கேக்குக்கு வருகிற மொறுமொறுப்போ வறுபட்ட மணமோ வராது. புரதமும் சர்க்கரையும் கூடிப் பழுப்பு நிறமும் அந்த மணமும் கொடுக்கும் வினையை 1912இல் பிரான்ஸ் நாட்டின் லூயி கமீல் மயார் விவரித்தார். அது வேகமாக நடக்க 140 டிகிரி போல வேண்டும். ஆவியோ 100 டிகிரியைத் தாண்டாது. பெரியவர்களுக்கு இது ஒரு குறையாகத் தெரியலாம். பதினாறு பல்லுக்கு மேலோடு இல்லாத கேக்தான் வசதி. பீட்ரூட்டை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். சோடாவின் காரமும் அரைமணி நேரச் சூடும் சேர்ந்து ரோஜா நிறத்தைப் பழுப்பாக்கிவிடும்.

மேலே தேன் ஊற்றி அலங்கரிக்கலாமா? இரண்டு வயதுப் பாப்பாவுக்கு ஒரு துளி பரவாயில்லை. ஆனால் விருந்துக்கு ஒரு வயது நிறையாத கைக்குழந்தை வந்திருந்தால் அதன் வாயில் தேன் படவே கூடாது. கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் விதைத்துகள்கள் தேனில் இருக்கக்கூடும். நம் குடலில் அவை முளைப்பதில்லை, கைக்குழந்தையின் குடலில் முளைத்துத் தசைகளைச் செயலிழக்க வைக்கும் நஞ்சை உண்டாக்கும். காய்ச்சினாலும் அந்தத் துகள்கள் சாவதில்லை. பிறந்த குழந்தைக்குச் சேனை என்று தேன் தொட்டு வைக்கும் வழக்கத்தை மருத்துவர்கள் வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான்.

சாம்பாருக்கு வருவோம். மிளகாயும் தாளிப்பும் சேர்க்கும் முன்னால், குழைய வெந்த பருப்பும் காயும் பாப்பாவுக்கு ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். காரம் என்பது உண்மையில் ஒரு சுவையே இல்லை. வாயில் சூட்டை உணரும் நரம்பு முனைகளில் டிஆர்பிவி1 என்ற ஏற்பி இருக்கிறது. சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் அது மூளைக்கு "சுடுகிறது" என்று தகவல் அனுப்பும். மிளகாயின் கேப்சைசின் அதே ஏற்பியைத் தட்டி எழுப்பிவிடுகிறது. அதனால்தான் ஆறிப்போன மிளகாய்ச் சட்னிகூடச் 'சுடுகிறது'. இந்த ஏற்பியை 1997இல் அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸ், 2021இன் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பாப்பா தவறிக் காரத்தைக் கடித்துவிட்டால் தண்ணீரைவிடப் பாலோ தயிரோ கொடுங்கள். கேப்சைசின் தண்ணீரில் கரையாது, பாலின் கொழுப்பும் கேசின் புரதமும் அதை நாக்கிலிருந்து விடுவித்துவிடும்.

கடைசியாகக் கடிகாரத்தைப் பாருங்கள். வீட்டு விருந்துகளில் அதிகம் கவனிக்காமல் போவது நேரம்தான். மதியம் இரண்டு மணிக்குச் சமைத்து மூடி வைத்துவிட்டு, எல்லோரும் வந்து ஆறு மணிக்குப் பரிமாறினால் நடுவில் நான்கு மணி நேரம். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் பாக்டீரியாக்கள் நன்றாகப் பெருகும், நம் வீட்டு அறை சரியாக அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் இரட்டிக்கும் ஒரு பாக்டீரியா ஒரு மணி நேரத்தில் 8 ஆகும், இரண்டு மணியில் 64, நான்கு மணியில் 4096. ஆரம்பத்தில் ஆயிரம் இருந்திருந்தால் என்ன ஆகும், நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். சோற்றில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் விதைத்துகள்கள் கொதிக்கும் உலையிலும் பிழைத்திருந்து, சோறு வெதுவெதுப்பாக ஆறும்போது முளைக்கும். வாந்தி வரவைக்கும் அதன் நஞ்சு உருவாகிவிட்டால், திரும்பச் சூடாக்கினாலும் அது அழியாது.

ராத்திரி மாவைப் புளிக்க வைத்ததும் பாக்டீரியாதானே என்று நீங்கள் கேட்பது சரிதான். அங்கே உண்டான அமிலம் கெட்டதைச் செய்யும் கிருமிகளில் பலவற்றை வளரவிடாமல் தடுக்கிறது. வெறும் சோற்றில் அந்தக் காவல் கிடையாது. எனவே சோறும் பருப்பும் விருந்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் வடிக்க வேண்டும், சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். தயிர்சாதத்தைப் பரிமாறும் நேரத்தில் பிசையுங்கள். இட்லி மாவு தயாராக இருந்தால் விருந்தாளிகள் செருப்பைக் கழற்றும்போது தட்டை ஏற்றினாலும் போதும். சமைக்கும் முன்னும் பாப்பாவுக்கு ஊட்டும் முன்னும் சோப்புப் போட்டு இருபது நொடி கை கழுவ வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். மெழுகுவர்த்தி ஊதுவதை விட்டுவிட்டு ஒரு விளக்கேற்றலாம் என்பது என் கருத்து. ஊதும்போது எச்சில் துளிகளோடு கேக்கின் மேல் பாக்டீரியாக்கள் பல மடங்கு கூடுவதை, அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் அளந்து காட்டியிருக்கிறார்கள்.

இவ்வளவு செய்தும் பாப்பா எதையும் தொடாமல் தலையைத் திருப்பிக்கொள்ளலாம். இந்த வயதில் புதிய உணவைக் கண்டால் தயங்குவது இயல்பு. நடக்கக் கற்ற குழந்தை கண்டதையும் வாயில் போட்டுக்கொள்ளாமல் இருக்க இந்தத் தயக்கம் உதவியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஒரே உணவை எட்டுப் பத்து முறை காட்டிய பிறகுதான் சில குழந்தைகள் வாயைத் திறக்கும். வற்புறுத்தி ஊட்டாதீர்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அதே இட்லியைச் சாப்பிடுங்கள். உங்கள் தட்டிலிருந்து எடுத்துக்கொள்ளவே அதற்கு ஆசையாக இருக்கும்.

ரோஜா இட்லியை நிறையத் தின்றிருந்தால் மறுநாள் காலை பாப்பாவின் டயப்பர் இளஞ்சிவப்பாகத் தெரியலாம். அம்மா பதறும் முன்னால் நீங்கள் சொல்லிவிடுங்கள், அது பீட்டானின். சிலருடைய வயிற்றிலும் குடலிலும் அந்த நிறமி முழுதாகச் சிதையாமல் அப்படியே வெளியேறுகிறது. ஒன்றிரண்டு நாளில் தானாகப் போய்விடும். பீட்ரூட்டே சாப்பிடாத நாளில் சிவப்பு தெரிந்தால் மட்டும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.